மருந்து போட்ட கரடி

ஒரு காட்டில் கொம்பையா என்றொரு கரடி இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். கேட்டால் அதற்கும் ஒரு ஜன்னல் இருக்கும், ஜன்னலுக்கு முன்னால் ஒரு வரிசை இருக்கும், நம்ம முறை வரும்போது சாப்பாட்டு நேரம் என்று பலகையைத் திருப்பி வைப்பார்கள்.

கொம்பையா மலைச்சரிவில் மரவள்ளி போட்டிருந்தது. யாரும் தூக்கிக் கொடுத்த நிலம் இல்லை. கல் பொறுக்கி, முள் வெட்டி, தானே உண்டாக்கியது. கிழங்கு திரளுகிற நேரம் பார்த்துப் பன்றிக்கூட்டம் இறங்கும். தலைவன் பேர் உக்கிரபாண்டி. வாழ்நாளில் ஒரு செடி நட்டது கிடையாது. ஆனால் எந்தச் செடியின் மூட்டில் கிழங்கு பெருத்திருக்கிறது என்று மூக்காலேயே சொல்லிவிடும்.

அதற்காகக் கொம்பையா ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தது. உரிமத்தோடுதான். குண்டெல்லாம் போடாது. குழலுக்குள் மருந்தை மட்டும் திணித்து, வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அந்தச் சத்தத்துக்கே பன்றிகள் மலை தாண்டிவிடும். துப்பாக்கிக்காரர்கள் வெடிமருந்தை வெறும் 'மருந்து' என்றுதான் சொல்வார்கள். இதை நீங்கள் ஞாபகத்தில் வையுங்கள். கொம்பையா வைக்கவில்லை.

ஒரு நாள் தேனடைக்கு ஏறி, கிளை முறிந்து, பாறையில் விழுந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது, படுத்தால் தூக்கம் வராது. கீரி வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சா இலையில் லேகியம் கிண்டி ஒரு சுரைக்குடுக்கை நிறையக் கொடுத்தார். மலைப் பஞ்சாயத்தும் அதை மருந்து என்று ஒத்துக்கொண்டு, கழுத்தில் மாட்ட ஒரு பச்சை வில்லை கொடுத்தது. அந்தியில் ஒரு உருண்டை. இடுப்பு இளகியது. கொம்பையா மறுபடி தோட்டத்தில் நடமாடியது.

அப்போதுதான் துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்கிற காலம் வந்து தொலைத்தது. அந்த ஆபீசு மலைக்குச் சொந்தமில்லை, பெருங்காட்டு அரசாங்கத்துக்குச் சொந்தம்.

கொம்பையாவின் மனைவி வெள்ளத்தாய். பேர்தான் அப்படி, நிறம் கறுப்பு. அது கிளம்பும்போதே எச்சரித்தது.

"வில்லையைக் கழட்டி வெச்சிட்டுப் போங்க. இலைன்னாலே பெருங்காட்டு ஆபீசுக்கு ஆகாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"நான் என்ன சின்னப்பிள்ளையா?"

"சின்னப்பிள்ளைன்னா நான் ஏன் பயப்படப்போறேன்?"

ஆபீசில் அதிகாரி ஓணான், நல்லபெருமாள். யார் என்ன சொன்னாலும் தலை ஆடிக்கொண்டே இருக்கும். ஆமாம் என்கிறார் என்று நினைத்து ஏமாந்தவர்கள் அந்தக் காட்டில் ஏராளம்.

வரிசையில் கொம்பையாவுக்கு முன்னால் ஒரு குரங்கு. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. தூண் ஆடுவதாகப் புகார் வேறு.

"கள் குடிச்சிருக்கியா?" என்றார் ஓணான்.

"மூக்கு முட்ட, ஐயா."

"உண்மை பேசுறே. நல்லது." முத்திரை விழுந்தது. குரங்கு துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சுவரிடம் வழி கேட்டுக்கொண்டு போனது. இதைப் பார்த்து உங்களுக்கு எரிச்சல் வந்தால் வரட்டும். எனக்கும் வருகிறது.

அடுத்து கொம்பையா.

"மருந்து இருக்கா?" என்றார் ஓணான்.

கொம்பையா வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்தது. எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான். வில்லையைத்தானே கழற்றினோம், வாசனையை எப்படிக் கழற்றுவது? இனி மறைத்துப் பயனில்லை என்று நினைத்தது.

"இருக்குங்க ஐயா. ஒரு சுரைக்குடுக்கை."

"எங்கே வாங்குறே?"

"கீரி வைத்தியர்கிட்ட."

ஓணானின் தலை ஒரு கணம் நின்றது. "வைத்தியர் இந்த வியாபாரமும் பண்றாரா? சரி. எப்போ போடுவே?"

"அந்தியில ஐயா. படுக்குறதுக்கு முன்னால."

"எதைக் குறி பார்த்து?"

"குறி எதுக்குங்க? நேரா வாய்க்குள்ளதான்."

ஓணானின் கழுத்து சிவந்தது. "வாய்க்குள்ளயா! போட்டா என்ன ஆகும்?"

"இடுப்பு லேசாயிரும் ஐயா. கொஞ்ச நேரம் எல்லாரும் நல்லவங்களாத் தெரிவாங்க. நீங்ககூட."

விஷயம் வெளியே வந்துவிட்டது. ஓணான் துப்பாக்கியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இலை சாப்பிடுறவன் துப்பாக்கி வைக்கக்கூடாது."

"மலைப் பஞ்சாயத்து அனுமதி குடுத்திருக்கே ஐயா!"

"மலையில நீ நோயாளி. பெருங்காட்டுல நீ போதை ஆசாமி."

"நான் ஒருத்தன்தானே? ஒரே இடத்துலதானே நிக்கேன்?"

"நீ ஒரே இடத்துல நிக்கிறே. சட்டம் ரெண்டு இடத்துல நிக்குது. இலையை விடு, துப்பாக்கியை எடுத்துக்கோ. இல்லேன்னா துப்பாக்கியை விடு."

கொம்பையா சந்தையில் வளர்ந்த கரடி. சொன்ன விலைக்கு உப்புக்கூட வாங்கியதில்லை.

"வாரத்துல நாலு நாள் நோயாளி, மூணு நாள் துப்பாக்கிக்காரன். முடிச்சிருவமா?"

ஓணானின் தலை ஆடியது. கொம்பையா துப்பாக்கியை எடுக்கப் போனது.

"முடியாதுன்னு ஆட்டினேன்."

"சரி, ரெண்டு நாள் துப்பாக்கி. மழை பெய்யாத நாள்."

"முடியாது."

"என் பொண்டாட்டி பேருக்கு மாத்துங்க. அவ இலையைத் தொடமாட்டா."

"இலை இருக்கிற வீட்டுல துப்பாக்கி இருக்கக்கூடாது."

"அப்ப அந்தக் குரங்கு?"

"அது கள். கள் மரத்துல இருந்து இறங்குது. இலை செடியில இருந்து வருது. உயரம் வேற, சட்டம் வேற. அடுத்தது யாரு?"

கொம்பையா வீட்டுக்கு வந்து குடுக்கையைப் பார்த்தது, தோட்டத்தைப் பார்த்தது. "இலையை விட்டுர்றேன் தாயி. கிழங்கு போச்சுன்னா இந்த வருசம் என்ன திங்கிறது?"

வெள்ளத்தாய் ஒத்துக்கொள்ளவில்லை. "துப்பாக்கி இல்லேன்னா தோட்டம் போகும். இலை இல்லேன்னா நீங்க எந்திரிக்கவே மாட்டீங்க. தோட்டத்தை மறுபடி நட்டுக்கலாம். உங்களை எந்தக் குச்சியை ஊணி முளைக்க வைக்கிறது?"

துப்பாக்கி ஆபீசிலேயே கிடந்தது. சேதி பன்றிகளுக்கு எட்டியது. அன்று அந்தியிலேயே உக்கிரபாண்டி குடும்பத்தோடு இறங்கியது. கொம்பையா ஒரு தடியை ஊன்றித் தோட்டத்துக்கு நடுவில் காவலுக்கு உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்தால் இடுப்பு வலிக்குமே என்று உருண்டையைப் போட்டிருந்தது. போட்டதால் வலிக்கவில்லை. வலிக்காததால் தூங்கிவிட்டது. எத்தனையோ நாள் பாக்கித் தூக்கம்.

முதல் கிழங்கில் உக்கிரபாண்டி வாய் வைத்தது. கொம்பையாவின் மூக்கிலிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. கிர்ர்ர்ர் என்று ஏறி, உச்சியில் ஒரு 'டொம்'.

"லேய், ஓடுங்கலே! துப்பாக்கி வந்துட்டு!"

பன்றிகள் மலை தாண்டின.

மறுநாள் அந்தியில் உக்கிரபாண்டி ஓணானைக் கூட்டிக்கொண்டு வந்தது. "உரிமம் இல்லாம வெடிக்கிறான் ஐயா. எம்புள்ளைக பாதி இன்னும் வீடு வந்து சேரல."

"துப்பாக்கி எங்கே?" என்றார் ஓணான்.

வெள்ளத்தாய் தோட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த புருஷனைக் காட்டியது. அந்த நேரம் பார்த்து ஒரு 'டொம்'. ஓணான் வேலியிலிருந்து கீழே விழுந்தார். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கொம்பையாவின் மூக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"குழல் இருக்கு. சத்தம் இருக்கு. உள்ளே மருந்து இருக்கா?"

"இருக்கு ஐயா. இப்பத்தான் போட்டேன்," என்றது வெள்ளத்தாய்.

"மருந்து உள்ளே போய் சத்தம் வெளியே வந்தா அது துப்பாக்கி. சட்டம் தெளிவா இருக்கு. உரிமம் இல்லாத துப்பாக்கி, பறிமுதல்!"

சேவகர்களாக வந்த இரண்டு மான்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தன. துப்பாக்கி புரண்டு படுத்தது. ஒரு மான் அடியில் மாட்டிக்கொண்டது.

வெள்ளத்தாய் மெல்ல முன்னால் வந்தது. "ஐயா, இந்தத் துப்பாக்கிக்கு என் பேர்ல உரிமம் குடுங்க. நான் இலை சாப்பிடுறதில்ல."

"வீட்டுல இலை இருக்கே?"

"அது இலை இல்ல ஐயா, மருந்து. துப்பாக்கி இருக்கிற வீட்டுல மருந்து இருக்கணும்ல?"

ஓணானின் தலை ஆடியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

"ஐயா, அது கரடி ஐயா!" என்று அலறியது உக்கிரபாண்டி.

"எனக்கே சொல்லித் தர்றியா? மருந்து போட்டா குற்றம்னா அது கரடி. மருந்து போடலேன்னா வேலை செய்யாதுன்னா அது துப்பாக்கி. போடா!"

கொம்பையாவின் முதுகில் முத்திரை விழுந்தது. அது முழிக்கவில்லை.

அன்று முதல் அந்தச் சரிவில் ஒரு கிழங்கும் திருட்டுப் போகவில்லை. உரிமம் புதுப்பிக்கிற காலம் வந்தால் வெள்ளத்தாய் புருஷனைத் தோளில் சாய்த்து, மூக்கு வானத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்.

"முன்னால அந்தக் குரங்கு நிக்குதே, இன்னைக்கும் குடிச்சிருக்கு. நான் ரெண்டு வார்த்தை கேட்கட்டுமா?" என்று கொம்பையா முணுமுணுக்கும்.

"வாயை மூடுங்க. துப்பாக்கி பேசக்கூடாது."

நீதி: மருந்து சாப்பிடுகிறவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, துப்பாக்கியாகவே ஆகிவிட்டால் ஆட்சேபணை இல்லை. ஆகவே குழந்தைகளே, குறட்டை விடப் பழகுங்கள்.