வராந்தாவில் அனுமதியற்ற கட்டடங்கள்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். உன் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நலம் என்று எழுதினேனே, அது உன் அக்காவைப் பொறுத்தவரை மட்டும்தான் உண்மை.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் வேனை எடுத்துக்கொண்டு வந்து எங்களையும் சாமான்களையும் நகரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். "காட்டோர வீடு அத்தான், சத்தமே இருக்காது, ரிட்டயர் ஆனவங்களுக்கு வேற என்ன வேணும்" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு வந்தவன் நீதான். ஏற்றியவன்தான் இறக்க வேண்டும்.

சத்தம் இருக்காது என்றாயே, இங்கே ஒருத்தன் இருக்கிறான். ஒரு குருவி. என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியவன், பழுப்பு நிறம், வாலை எந்நேரமும் நிமிர்த்தியே வைத்திருப்பான். பகலெல்லாம் புதரடியில் எலி மாதிரி ஓடிச் சிலந்தி பொறுக்கித் தின்கிற பயல், விடியுமுன் வேலிமேல் ஏறிப் பாட ஆரம்பித்தால் சமையலறைப் பாத்திரம் அதிர்கிறது. அந்த உடம்புக்குள் அத்தனை பெரிய தொண்டையை எப்படி மடித்து வைத்திருக்கிறான் என்று தெரியவில்லை. உன் அக்கா அவனுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறாள்.

பெயருக்குக் காரணம் இருக்கிறது. நான் வேலையில் இருந்த காலமெல்லாம் கட்டட ஆய்வாளர். அனுமதியில்லாமல் எவனாவது ஒரு செங்கல் வைத்தால் அன்றே நோட்டீஸ் ஒட்டியவன். அப்பேர்ப்பட்ட என்னுடைய வராந்தாவிலேயே இந்தப் பயல், மாட்டியிருந்த என் மழைக்கோட்டின் பையில், பாசியும் காய்ந்த இலையும் வைத்து உருண்டையாக, மேலே கூரை, பக்கவாட்டில் வாசல் என்று ஒரு வீடு கட்டிவிட்டான். எடுக்கப் போனேன். "கோட்டைத் தொடாதீங்க" என்றாள் உன் அக்கா. வங்கிக்கு நனைந்துகொண்டே போனேன். காவலாளி என்னைக் கதவருகிலேயே நிறுத்தி, "சொட்டுறது நின்னப்புறம் உள்ள வாங்க சார்" என்றான். சில நாள் கழித்துப் பார்த்தால் என் ஹெல்மெட்டுக்குள் அடுத்த வீடு. அதனால் ஸ்கூட்டர் சும்மா நிற்கிறது. பிறகு பூவாளி. பிறகு தபால் பெட்டி. தபால்காரர் இப்போது வேலிக்கு அப்பால் நின்று, எனக்கு யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி வாசிக்கிறார்.

ஒரு குருவிக்கு எதற்கு இத்தனை வீடு என்று கேட்டேன். பக்கத்து வீட்டு வனக்காவலர் சொன்னதாக உன் அக்கா விளக்கினாள்: "ஆம்பளைக் குருவி கட்டிக்கட்டிக் காட்டணும். பொம்பளைக் குருவி வந்து பார்த்து, பிடிச்சதை எடுத்துக்கும். உள்ளே இறகு போட்டு மெத்தை பண்றது அவ வேலை."

அந்த அம்மாள் வந்தாள். மேஸ்திரி முன்னால் பறந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று பாடி, இறக்கையை நடுங்கவிட்டு என்ன பாடுபட்டான் தெரியுமா? அவள் கோட்டுப் பைக்குள் தலையை விட்டாள், வெளியே வந்தாள், வாயைத் திறக்கவில்லை. ஹெல்மெட், பூவாளி, எல்லாவற்றுக்கும் அதே கதைதான். எனக்கு ரத்தம் கொதித்தது. டார்ச் அடித்து நானே பார்வையிட்டேன். கோட்டுப் பை வீடு முதல்தரம். ஒரு சொட்டு ஒழுகாது. தபால் பெட்டி ஒன்றுதான் அவசரக் கட்டுமானம், கூரை கோணல், நானாக இருந்தால் இடிக்கச் சொல்லியிருப்பேன். மற்றவற்றை ஒதுக்க அவளுக்கு என்ன உரிமை என்று கேட்கிறேன்.

"முட்டை வைக்கப்போறது அவதானே" என்றாள் உன் அக்கா.

"சரி, வேண்டாம்னுட்டாளே, கோட்டை எடுத்துக்கவா?"

"மனசு மாறி வந்தா?"

எனக்குத் தெரிந்த கதை இது. நீயும் கூட இருந்தவன்தானே. நான் எத்தனை வீடு பார்த்துச் சொன்னேன். காற்றோட்டம், அஸ்திவாரம், வடிகால், எல்லாம் என் கையால் அளந்த வீடுகள். உன் அக்கா உள்ளே போவாள், வெளியே வருவாள், பேசாமல் வேனில் ஏறிக்கொள்வாள். கடைசியில் சமையலறை ஒழுகுகிற இந்த வீட்டைப் பார்த்து, "இதுதான் வீடு மாதிரி இருக்கு" என்றாள்.

நேற்று உச்சக்கட்டம். என் நாற்காலி கிறீச்சிடுகிறதாம், அந்த அம்மாள் மறுபடி பார்வையிட வருகிறாளாம், நான் சமையலறையில் ஒழுகலுக்கடியில் உட்கார வேண்டுமாம். காலி பண்ணிவிடலாம் என்று சொல்லிவிட்டேன். உன் அக்கா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அந்தச் "சரிங்க" காதிலேயே நிற்கிறது. அதற்காக நான் இளகிவிடவில்லை.

எத்தனை மணிக்கு வருவாய் என்று உடனே பதில் எழுது. பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
கோட்டும் ஹெல்மெட்டும் இல்லாத உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் உன் அக்கா கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப்போனாள். அந்த அம்மாள் அலகில் ஒரு இறகோடு தபால் பெட்டிக்குள் போகிறாள். அந்தக் கோணல் கூரைக்குள். ஏன் அதைப் போய் என்று கேட்டேன். "அதுதான் வீடு மாதிரி இருக்கு போல" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று. பாத்திரங்களை நானே வெளியே எடுத்து வைத்துவிட்டேன். வேன் வேண்டாம். பதிலும் எழுதாதே, குஞ்சுகள் பறக்கும்வரை எங்கள் வீட்டில் தபால் பெட்டி கிடையாது. நீ வருவதானால் பின்வாசல் வழியாக, மெதுவாக வா. சமையலறைக் கூரைக்கு நாலு ஓடு வாங்கி வா.