விருந்தறையில் ஆமை இல்லை

"மறுபடியும் வெளிய வந்துடுச்சு," என்றாள் ஸுலைகா. "இப்ப திரைச்சீலைக்குப் பின்னாடி நிக்குது. வந்து பாருங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

மிலூத் அளவுகோலை வைத்துவிட்டு எழுந்தார். நகராட்சியில் இருபத்தாறு வருடமாக வரைபடம் போடுகிறவர். திலிம்சான் ஊரின் பாதிச் சாக்கடை அவர் கோடு கிழித்த வழியில்தான் ஓடுகிறது. ஒரு ஆமைக்கு வீடு கட்டித்தரத் தனக்குத் தெரியாதா என்றுதான் அவரும் நினைத்தார். மூன்று நாளில் அது மூன்றாவது தடவையாக அவர் அடைத்த பலகையைத் தாண்டியிருந்தது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பக்கம் சொல்வோம். இங்கே திலிம்சானில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆமை இருக்கிற வீட்டைக் கண்ணேறு அண்டாது என்பது இவர்கள் நம்பிக்கை. ஸுலைகாவுக்குக் கண்ணேறு பற்றி நிறையத் தெரியும். மகள் ஹஸீபாவைப் பெண் கேட்டு மூன்று வீட்டுக்காரர்கள் வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஹஸீபாவுக்கு இருபத்தொன்பது வயது முடியப்போகிறது.

ஆகவே கட்டடக் காவல்காரர் பூஜிமா போன வாரம் ஒரு ஆமையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, "வாசல் கேட்டுகிட்ட தன்னால நடந்து வந்துட்டிருந்துச்சு அக்கா. உங்க வீட்டுக்குன்னே அல்லா அனுப்புன மாதிரி இருக்கு," என்று நீட்டியபோது, அவள் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டாள். ஓட்டின் மேல் ஒரு நீலப் புள்ளி இருந்தது. அதை மட்டும் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

ஜனவரிக் குளிர். பால்கனியில் வைத்தால் விறைத்துப்போகும். சமையலறையில் வைத்தால் மிதிபடும். வெயில் விழுகிற ஜன்னல் விருந்தறையில்தான் இருந்தது. விருந்தறைச் சாவியோ ஸுலைகாவின் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. வீட்டு மனிதர்கள் மூவரும் சின்ன அறையில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெல்வெட் மெத்தைகள் அங்கே வராத விருந்தாளிகளுக்காகக் காத்துக்கிடந்தன. கல்யாணமான நாளிலிருந்து மிலூத் அந்த அறையில் ஆறு தடவை உட்கார்ந்திருக்கிறார். ஆமைக்கு முதல் நாளே அனுமதி கிடைத்துவிட்டது. அது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

"சதுரமாக் கட்டினா அப்படித்தான் ஆகும் அண்ணே," என்றான் சந்தையில் பறவை விற்கிறவன். "ஆமை மூலையைப் பிடிச்சுத்தான் ஏறும். வட்டமாக் கட்டுங்க."

மிலூத் மாலை முழுவதும் உட்கார்ந்து வட்டமாக ஒரு வரைபடம் போட்டார். வீட்டில் அந்த அளவுக்கு வட்டமாக இருந்தது குஸ்குஸ் ரவை பிசைகிற பெரிய மரத்தட்டு மட்டுமே. அதை அடியில் வைத்து, அதைவிட அகலமாகத் தகரத்தை வளைத்துச் சுற்றிலும் நிறுத்தினார்.

"ஐயோ, என் சீதனத் தட்டு!"

"கழுவிக்கலாம்."

"ஆமை புரண்ட தட்டுல நீங்க சாப்பிடுவீங்களா?"

மிலூத் சாப்பிடுவார். ஆனால் சொல்லவில்லை.

உள்ளே பரப்ப லல்லா ஸத்தி குன்றிலிருந்து இரண்டு மூட்டை மண் கொண்டுவந்தார். மண்ணோடு எறும்பும் வந்தது. விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் பூட்டி வைத்திருந்த பாதாம் பலகாரத்தை எறும்பு ஒரே நாளில் கண்டுபிடித்தது. மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு மணல் போட்டார். ஆமை நடக்க நடக்கத் தூசி கிளம்பி வெல்வெட் எல்லாம் பழுப்பாகிவிட்டது. தூசி அடங்கத் தண்ணீர் தெளித்தார். ஆமை தும்மியது. ஈரம் காயட்டும் என்று கோழிக்குஞ்சுக்குப் போடுகிற சிவப்பு விளக்கை வாங்கி மாட்டினார்.

"அப்பா, எதிர்க் கட்டடத்துலேர்ந்து பாத்தா நம்ம ஜன்னல் செக்கச்செவேல்னு எரியுது," என்றாள் ஹஸீபா.

"நீ எதுக்கு எதிர்க் கட்டடத்துக்குப் போனே?" என்றாள் ஸுலைகா.

"தொண்டைக்கு மாத்திரை வாங்க."

எதிர்க் கட்டடத்தில் புதிதாகக் குடிவந்த குடும்பத்தின் மகன் நஸீம் கீழேயே மருந்துக்கடை வைத்திருந்தான். ஹஸீபாவுக்கு ஒரு மாதமாகத் தொண்டை வலி. பிரித்துக்கூடப் பார்க்காத மாத்திரை டப்பாக்கள் ஐந்து அவள் மேசையில் அடுக்கியிருந்ததை மிலூத் பார்த்திருக்கிறார்.

ஸுலைகா விருந்தறை ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டாள். வெயிலுக்காகத் தேர்ந்தெடுத்த அறைக்குள் அதற்குப் பிறகு வெயில் வரவில்லை.

வியாழக்கிழமை போன் வந்தது. நஸீமின் தாயார் ஹாஜ்ஜா கைராதான் பேசினாள். நாளை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தானும் கணவரும் ஒரு விஷயமாக வரலாமா என்று கேட்டாள்.

"என்ன விஷயமாம்?" என்றார் மிலூத்.

ஸுலைகா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "என்ன விஷயம்னு போன்லயா சொல்வாங்க? முதல் தடவை பொம்பளைங்க மட்டும்தானே வருவாங்க! இவங்க வீட்டு ஆம்பளையும் கூட வர்றாரு. எவ்வளவு உறுதியா இருந்தா இப்படி வருவாங்க!" நேராக விருந்தறைக்குப் போய் ஆமையின் ஓட்டில் முத்தம் கொடுத்தாள். "எல்லாம் இந்தப் புண்ணியவதி வந்த வேளை."

அடுத்த நிமிடமே முகம் மாறியது. "முதல்ல இதை வெளிய எடுங்க. ஹாஜ்ஜா கதவுக் கைப்பிடியைக்கூட பிளீச் போட்டுத் துடைக்கிறவங்களாம். ரெண்டாவதா வந்தவங்க நம்ம கூண்டுக் குருவியைப் பாத்து மூக்கைச் சுளிச்சது ஞாபகம் இருக்கா? இந்த வீட்டுல பிராணின்னு ஒண்ணு இல்ல. நேத்தும் இல்ல, இன்னிக்கும் இல்ல. புரியுதா?"

தகர வட்டம் கதவுக்குள் நுழையவில்லை. அறைக்குள்ளேயே வளைத்து ஆணி அறைந்தது. திலிம்சானின் சாக்கடைகளை அளந்தவர் கதவை அளக்கவில்லை.

பிரித்தால் மணல் மெத்தையெல்லாம் கொட்டும்; ஆமையை வேறு அறையில் விட்டால் நடந்து வந்து நிற்கும். மேலே அலமாரிப் பலகையைப் போட்டு, பூவேலை செய்த விரிப்பைத் தரைவரை தொங்கவிட்டு, அதன்மேல் பித்தளைத் தாம்பாளத்தை வைத்தார்கள். பார்க்க மேசை மாதிரியே இருந்தது. ஆமைக்கு உள்ளே மூன்று கீரை இலை போட்டார் மிலூத். "ரெண்டு மணி நேரம் சும்மா இரு தாயே," என்றார்.

ஹாஜி உஸ்மானும் ஹாஜ்ஜா கைராவும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். கையில் பெரிய கேக் பெட்டி. அதைப் பார்த்ததும் ஸுலைகா மிலூத்தின் முழங்கையைக் கிள்ளினாள்.

காபி முடியும்வரை யாரும் விஷயத்துக்கு வரமாட்டார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். ஹாஜியின் முழங்காலைப் பற்றிப் பேசினார்கள். ஹஸீபா பலகாரத் தட்டோடு வந்தாள். ஹாஜ்ஜா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

தாம்பாளத்துக்கு அடியிலிருந்து 'கரக் கரக்' என்றது.

"என்ன சத்தம்?" என்றார் ஹாஜி.

"குழாய்," என்றார் மிலூத். "பழைய கட்டடம்."

பலகை லேசாக எழும்பி அமர்ந்தது. ஹாஜ்ஜாவின் காபிக் கோப்பை ஒரு விரற்கடை நகர்ந்தது. அவள் கோப்பையைப் பார்த்தாள். பிறகு மிலூத்தைப் பார்த்தாள். அவள் கண் பளிச்சென்றது.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. வீட்டுல ஏதாவது பிராணி இருக்கா? பூனை, ஆமை, இந்த மாதிரி?"

ஸுலைகாவின் குதிகால் மிலூத்தின் கால்விரலில் ஏறி நின்றது.

"பிராணியா? எங்க வீட்லயா?" என்றார் மிலூத். குரல் போதவில்லை என்று அவருக்கே தோன்றியது. கையை உயர்த்தினார். "அல்லா மேல ஆணையாச் சொல்றேன் ஹாஜ்ஜா. இந்த வீட்டுக்குள்ள ஒரு பிராணியும் காலடி எடுத்து வெச்சதில்ல."

ஆண்டவன் பேரில் சத்தியம் செய்தவரை மறுபடி கேட்பது அவர் முகத்துக்கு நேரே பொய்யர் என்பது போல. இந்த ஊரில் அதை யாரும் செய்யமாட்டார்கள். ஹாஜியும் ஹாஜ்ஜாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நாங்க கெளம்பறோம்," என்றார் ஹாஜி.

"இன்னொரு காபி?" என்றாள் ஸுலைகா.

"போதும்மா." ஹாஜ்ஜா வாசலில் நின்று ஹஸீபாவின் கன்னத்தைத் தொட்டாள். "நல்ல பொண்ணு. நமக்கு எழுதினதுதானே நடக்கும்."

கதவு மூடியது. ஸுலைகா வெல்வெட் மெத்தையிலேயே உட்கார்ந்து, விருந்தாளி இடம் என்றுகூடப் பாராமல் அழுதாள். "நாலாவது தடவை! நாலாவது தடவைங்க! யார் கண்ணு பட்டுச்சோ!"

"ஆமை இருக்கும்போதேவா?" என்றார் மிலூத்.

ஹஸீபா கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். "விடும்மா. எனக்குத் தொண்டை சரியாயிடுச்சு," என்றாள்.

மிலூத்துக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர்கள் மூக்கைச் சுளிக்கக்கூடாது என்றுதானே சத்தியம் வரைக்கும் போனார்? பிறகு ஏன் எழுந்து போனார்கள்?

அப்போது பலகை சரிந்து தாம்பாளம் கீழே விழுந்தது. ஆமை பூவேலை விரிப்பை மணப்பெண் முக்காடு மாதிரி தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, கம்பளத்தின் நடுவே நிதானமாக நடந்து வந்தது.

கதவு தட்டப்பட்டது. பூஜிமா மூச்சு வாங்க நின்றார். அவர் பார்வை நேரே கம்பளத்துக்குப் போனது.

"அட, இங்கதானே இருக்கு! ஏன்ணே இல்லைன்னு சத்தியம் பண்ணீங்க? நீலப் புள்ளி வெச்ச ஆமை ஹாஜ்ஜா வீட்டுதாம். உங்ககிட்ட இருக்குன்னு நான்தான் சொன்னேன். இப்ப என்னைப் பொய்யன்னு திட்டிட்டுப் போறாங்க."

"ஒரு ஆமையைத் தேடியா கேக் வாங்கிட்டு வந்தாங்க?" என்றார் மிலூத்.

"ஆமைக்கு யாராவது கேக் வாங்குவாங்களாண்ணே?" என்றார் பூஜிமா. "ஆமை தானாப் போய்ச் சேந்த வீட்டுலதான் நஸீமுக்குப் பொண்ணு எடுக்கணும்னு ஹாஜ்ஜா நேர்ந்துக்கிட்டாங்களாம்; அது எந்த வீடுன்னு தெரியாம இப்ப மாடி மாடியா ஏறிட்டிருக்காங்க, பாவம்."