பயம் வந்தால் பாஸ்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு வாயில் 'பாஸ்' வரும்.

மலாக்காவில் இது பெரிய வியாதி ஒன்றும் இல்லை. கடையில் தே தாரே என்கிற டீயை ஆற்றுகிறவர் நமக்கு பாஸ், நாம் அவருக்கு பாஸ். டயர் கடைக்காரர் பாஸ். சாலையில் நிறுத்துகிற போலீஸ் பெரிய பாஸ். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஏர்கோன், அதாவது ஏசி, கழுவ வந்த எனக்கு, மரியாதை என்றால் தெரிந்தது அந்த ஒரு சொல்தான்.

அப்படிப்பட்டவன் தர்ஷினியைப் பெண் கேட்கப் போனேன்.

அவளுடைய அப்பா யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பாயா ரும்புட்டில் வீடு. அவர் சிரித்து அவளே பார்த்ததில்லையாம். (இதைச் சொல்லித்தான் எனக்குத் தைரியம் கொடுத்தாள்.) அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மேல்முறையீடு கிடையாது.

முதல் நாளே போனில் எச்சரித்தாள். "அப்பாவை அங்கிள்னு கூப்பிடு. பாஸ்னு மட்டும் வாயத் தொறந்துடாத. அவருக்கு ஆகவே ஆகாது."

"ஓகே லா."

"இன்னொன்னு. உனக்குப் படிப்பு பத்தாதுன்னு அவருக்கு யோசனை. அதனால, இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொன்னும் எங்கேருந்து வந்துச்சுன்னு நீ சொல்லுவேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவளைச் சீண்டுவதற்காக நான் நின்ற இடத்தில் நின்றபடி அவிழ்த்துவிட்ட கதைகள் அவை. பாவி, நம்பியிருக்கிறாள்.

மறுநாள் சிம்பாங் அம்பாட்டிலிருந்து வழி நெடுக "அங்கிள், அங்கிள்" என்று ஜெபித்துக்கொண்டே காரை ஓட்டினேன். பக்கத்தில் இருந்த அம்மா, "எந்த அங்கிள்டா செத்துப் போயிட்டாரு?" என்று கேட்டார்.

கூடத்தில் தர்ஷினியின் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் மேலே ஏர்கோன் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

"என்ன வேலை, தம்பி?"

"ஏர்கோன், பாஸ்."

சமையலறை வாசலில் தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள். பதறிப்போய் "சாரி பாஸ்" என்றேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்கும் "தேங்க்ஸ் பாஸ்." சுவரில் முருகன் படம் இருந்தது. மனசுக்குள் கும்பிட்டேன்: காப்பாத்து, பாஸ்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வசனத்துக்கு ஒருக்கா பாஸ் எண்டு சொல்லுறீர். சொல்லுகளின்ர பூர்வீகம் உமக்குத் தெரியுமாம். இது எங்க இருந்து வந்தது? சொல்லும் பாப்பம்."

தெரியாது என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பயத்தில் நாக்கு தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். அவர் குதிரையின் பெயர் பாஸ். காலையில் குதிரைச் சத்தம் கேட்டாலே ஆட்கள் "பாஸ் வருது, பாஸ் வருது" என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்கள். துரை அதைத் தனக்கு வந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டார். குதிரை செத்துப்போனது, பெயர் துரைக்கு நின்றுவிட்டது.

மேலிருந்து ஒரு சொட்டு அவர் வழுக்கைத் தலையில் விழுந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை. மகளைப் பார்த்து, "பிள்ளை, போனில தேடு" என்றார்.

தர்ஷினி தேடித் தேடி, குரல் உள்ளே போக வாசித்தாள். டச்சுக்காரர்கள் எஜமானை அப்படித்தான் சொல்வார்களாம். கப்பல் தலைவனுக்கும் அதே பெயராம். அமெரிக்கா போய் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டதாம். அதற்கும் முன்னால் மாமா என்று பொருள் இருந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களாம், உறுதியில்லையாம். குதிரை எங்கேயும் இல்லை. மலாக்காவில் டச்சுக்காரன் கட்டிவிட்டுப்போன சிவப்புக் கட்டடத்துக்கு எதிரில் உட்கார்ந்து வாரா வாரம் செண்டோல் குடிக்கிறவன் நான். எனக்கு இது தெரியவில்லை.

"மாமாவா?" அம்மா மெதுவாகக் கேட்டார். "அப்ப எம்மவன் மொறையாத்தான் கூப்பிட்டிருக்கான்."

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். "அந்தக் குதிரை மெய்யோ?"

எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கார் சாவி அம்மாவின் பையில்.

"இல்ல, பாஸ்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "பொய் சொல்லுறான். ஆனா கேட்டவுடன ஒத்துக்கொள்ளுறான்" என்று மகளிடம் சொன்னார். பிறகு மேலே கை காட்டினார். "முதல்ல இதைப் பாரும்."

கல்யாணச் சட்டையாக எடுத்துவைத்து, அன்று போட்டுப் போயிருந்த என் ஒரே வெள்ளைச் சட்டை ஏர்கோன் அழுக்கில் அன்றைக்கே கறுப்பானது.

இப்போது அந்த வீட்டில் எனக்குப் பெயர் கிடையாது. சொந்தக்காரர்கள் வந்தால் மாமனார் என்னை நடுவில் உட்காரவைத்து அந்தக் குதிரைக் கதையைச் சொல்லச் சொல்கிறார். ஏர்கோன் ஒழுகினால் தர்ஷினிக்குத்தான் போன் வரும்.

"பாஸை வரச் சொல்லு, பிள்ளை. குதிரையையும் கொண்டு வரட்டாம்."

போனை வாங்கி "வர்றேன் மாமா" என்று சொல்லத்தான் பார்க்கிறேன். அவர் குரலைக் கேட்டால் இன்னும் பயம்.

"வர்றேன், பாஸ்."