புரட்டாசியில் அளந்த சர்வர்

தேதி போட்டு எழுதி வைப்பவன் தவறே செய்ய மாட்டான் என்று ஒரு காலத்தில் மனதார நம்பியிருந்தேன். (மழை விட்ட நேரம்கூட என் டைரியில் இருக்கும்.)

எனக்குப் பேசி முடித்திருந்த கவிதாவின் அப்பாவுக்கு நாமக்கல் பக்கம் முட்டைப் பண்ணை. ஐப்பசியில் நிச்சயதார்த்தம். கை ரசீதை விட்டுவிட்டு ஆர்டர், லோடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிய எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும் என்று அவர் கேட்டார். மருமகனாகப் போகிறவன் மூளையைக் காட்ட வேறென்ன வேண்டும்?

செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 17 வரை ரசீதுகளை எண்ணினேன். மணிக்கு எத்தனை ஆர்டர், தினமும் எவ்வளவு தரவு சேரும் என்று வரைபடம் போட்டேன். வந்த கணக்கை இரட்டித்தேன்.

"அஞ்சு வருசத்துக்குத் தாங்குமுங்க மாமா."

"இன்னுங் கொஞ்சம் பெருசா வாங்கிப் போடலாமுங்களா?"

"வேண்டாமுங்க, எல்லாம் அளந்தாச்சு."

அன்று மாலையே வாங்கி மாட்டினேன். ஐந்து வருடம் தாங்க வேண்டியது மறுநாள் காலை ஒன்பதே கால் வரை தாங்கியது. சேலம், ஈரோடு, கேரளா என்று எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் ஆர்டர் போட, திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ரசீது அச்சாகாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டக் கூடாது. (அதுவும் என் யோசனைதான்.) வாசலில் ஏழு லாரிகள். பதினொரு மணிக்குள் லோடு கிளம்பாவிட்டால் வேறு பண்ணைக்குப் போய்விடுவதாகப் பாலக்காட்டு வியாபாரி போனில் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க இஞ்சினியரு, குஞ்சு பொரிச்சதுக்கப்புறந்தான் வுடுவீங்களா?" என்றார் முதல் லாரி டிரைவர்.

கவிதா பழைய ரசீதுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். எழுதிக்கொண்டே என் வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தீங்க?"

தேதிகளைப் பெருமையாகச் சொன்னேன்.

"அப்பா! இவரு புரட்டாசி பூராவும் உக்காந்து முட்டை வியாபாரத்த அளந்திருக்காருங்க!"

ஊரில் பாதிப் பேர் முட்டையைத் தொடாத மாதம். அது முடிந்த மறுநாள் அன்று.

"அதுக்குத்தாஞ் சாமி பெருசா வாங்கலாமான்னு கேட்டேன்" என்றார் மாமா. அந்தக் குரலில் நிச்சயதார்த்தம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பத்தே முக்காலுக்குப் பாலக்காட்டு லோடு கிளம்பியது. கல்யாணமும் நடந்தது. ஆனால், எத்தனை இலை போடுவது என்று சமையல்காரர் என்னைக் கேட்க வந்தபோது, மாமா அவரைத் தோளைப் பிடித்து அப்படியே வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

இன்றும் வீட்டு விசேஷத்துக்கு நூறு பேர் வருவார்கள் என்று நான் சொன்னால் போதும். அடுக்களையிலிருந்து கவிதாவின் குரல் வரும்: "எந்த மாசத்துல எண்ணுனீங்க?"