மெழுகுப்பூக் கொடியும் மூன்றடி நிலமும்

நில அளவையராக இருந்து ஓய்வுபெற்ற அந்த மனிதர், ஊராரின் எல்லைத் தகராறுகளையெல்லாம் சங்கிலி பிடித்துத் தீர்த்துவைத்தவர். சொந்த வீட்டில் ஒரு நாற்காலி போடும் மூன்றடி நிலத்தை அவரால் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை.

வீட்டில் வெயில் நுழையும் சன்னல் ஒன்றே ஒன்று. அதனடியில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கலாம் என்ற ஒரே நம்பிக்கையில்தான் பணிக்காலம் முழுவதையும் ஓட்டியிருந்தார். ஓய்வுபெற்ற வாரமே மனைவி அங்கே ஒரு தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மெழுகுப்பூக் கொடி. இலைகள் மெழுகில் வார்த்தவைபோல் தடித்திருந்தன; பூ மட்டும் இல்லை. நாற்காலி சமையலறைக் கதவுக்குப் பின்னால் போயிற்று. கதவு திறக்கும்போதெல்லாம் அவருடைய முழங்காலில் இடித்தது.

"ஏம்மா, இதை வேற எங்கயாவது வையேன்."

"வேற எங்கங்க வெளிச்சம் இருக்கு?"

"எனக்கும் வெளிச்சம் வேணாமா?"

"நீங்க என்ன, பூக்கவா போறீங்க?"

வாழ்க்கையே வெறுத்துப்போயிற்று அவருக்கு.

பிறகு மனைவி இரண்டு மாதம் தம் அக்காள் வீட்டுக்குப் புறப்பட்டார். "ரெண்டு வேளையும் மறக்காம தண்ணி ஊத்துங்க. தொட்டி சின்னதா இருக்கு, பெருசா ஒண்ணு வாங்கி மாத்திடுங்க."

பணிவாகத் தலையாட்டியவர், அக்கணமே கொலைக்குத் துணிந்தார். தொட்டியை நகர்த்தினால் எதிர்வீட்டு அம்மாள் கோள் சொல்லிவிடுவார்; ஆகவே கொடி தானாகச் சாக வேண்டும். தண்ணீர் ஊற்றவில்லை. தொட்டியையும் மாற்றவில்லை, வேர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. மனச்சாட்சி உறுத்திய ஓரிரு நாள்களில் மட்டும், குடித்து மிஞ்சிய தண்ணீரைக் கொட்டினார். மற்றபடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் அஞ்சினார்.

மனைவி திரும்பியதும் நேரே சன்னலுக்குப் போனார். "அய்யோ, மொட்டு! கொத்துக் கொத்தா மொட்டு!"

அவர் பதறி ஓடி, அப்புறப்படுத்தத் தொட்டியைப் பற்றினார்.

"கை வைக்காதீங்க! இப்போ இடம் மாத்தினா எல்லாம் உதிர்ந்துடும்."

"பூத்து முடிஞ்சதும் எடுத்துடலாம்ல?"

"அதே காம்புலதாங்க மறுபடியும் மறுபடியும் பூக்கும்."

அவர் தொட்டியை விட்டுவிட்டார். "நான் தண்ணியே ஊத்தலையேடி! தொட்டியையும் மாத்தலையே!"

"மாட்டீங்கன்னு தெரிஞ்சுதானே சொல்லிட்டுப் போனேன்? வேர் நெருக்கமா இருந்தாத்தான் இது பூக்கும். முன்னாடி வெச்ச ரெண்டு கொடியையும் நானே ஊத்தி ஊத்தி அழுக வெச்சுட்டேன். என் கை சும்மா இருக்காது. பட்டினி போடுறதுக்கு உங்களை மாதிரி ஆள் கிடைக்குமா?"

இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் மனிதனுக்கு வீரம் பிறக்கும். அவர் சமையலறைக்குப் பாய்ந்து, செம்பு நிறையத் தண்ணீர் மொண்டுவந்து, அழுகிச் சாகட்டும் என்று தொட்டியின்மேல் ஓங்கினார்.

"அதுதான் சரி," என்றார் மனைவி. "மொட்டு விட்ட பிறகுதான் அதுக்குத் தண்ணி வேணும். இலையில படாம ஊத்துங்க."

அவர் இலையில் படாமல் ஊற்றினார்.