நல்ல நாளில் சாப்பிட்ட கோதுமை

ஓர் ஊரில் கூலி வேலை செய்தவனுக்கு அந்த ஊரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சுற்றுலா போகிறவனுக்காவது சந்தேகம் இருக்கும், நாலு பேரைக் கேட்பான். கூலிக்காரன் கேட்கமாட்டான். அந்த மண்ணைத் தன் நகத்துக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவன் அல்லவா?

எனக்கு அப்படி ஒரு மண் கிறீற். கிரேக்க நாட்டின் பெரிய தீவு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் புறப்பட்ட என்னைக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், அங்கே இறக்கிவிட்டுக் காணாமல் போனான். ஒரு குளிர்காலமும் ஒரு வசந்தமும் தக்காளித் தோட்டத்தில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வேலை செய்தேன். பிறகு ஜேர்மனி, டென்மார்க் என்று அலைந்து, கடைசியில் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவனாக நின்றேன்.

வீட்டில் என்ன பேச்சு எடுத்தாலும் நான் அதைக் கிறீற்றில் கொண்டுபோய் முடிப்பேன். தக்காளி விலை ஏறினால் கிறீற். பனி கொட்டினால் கிறீற். மகள் மதுரா சின்ன வயதில், நான் அங்கேதான் பிறந்தவன் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அந்த மதுராவுக்கும் பிரவீன் என்ற பையனுக்கும் விருப்பம் ஏற்பட்டபோது, பிரவீனின் தாய் தவமணி அக்கா உடனே ஓம் சொல்லவில்லை. ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டில், சுவரில் பஞ்சாங்கம் தொங்காத அறை கிடையாது. ராகு காலத்தில் குப்பைகூட வெளியே போகாது. தகப்பன் ராசரத்தினம் அண்ணை நல்ல மனிதர். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்பு மனைவியைப் பார்ப்பார், பார்த்த பிறகு திறக்கமாட்டார்.

பிள்ளைகள்தான் யோசனை சொன்னார்கள். இலையுதிர்கால விடுமுறைக்கு நோர்வேக்காரர்கள் எல்லாரும் வெயில் தேடித் தெற்கே பறக்கிறார்கள். நாங்களும் இரண்டு குடும்பமாகப் போனால் ஆளை ஆள் அறிந்துகொள்ளலாம். எங்கே என்று கேட்பதற்கு முன்பே நான் பதில் சொல்லிவிட்டேன்.

"உங்களுக்கு அங்கை வடிவாத் தெரியுமோ?" என்று தவமணி அக்கா கேட்டார்.

"அக்கா, நான் அந்த மண்ணிலை படுத்து எழும்பினவன்."

(பொய் இல்லை. கட்டில் தரவில்லை.)

ஒக்டோபரில் போய் இறங்கினோம். வாடகை வானை நான் ஓட்டினேன். பழைய அரண்மனையைக் காட்டி, அதைக் கட்டிய அரசன் தன் ஏழு பெண்பிள்ளைகளுக்கும் ஏழு வாசல் வைத்தான் என்று விளக்கம் கொடுத்தேன். மதுரா போனைப் பார்த்து, "அப்பா, அப்பிடி ஒண்டும் இல்லை" என்றாள். உள்ளூர்ச் சாப்பாடு என்று சொல்லி, தக்காளியும் பாலாடைக்கட்டியும் போட்ட காய்ந்த பார்லி ரொட்டியை வாங்கிக் கொடுத்தேன். ராசரத்தினம் அண்ணையின் கடைவாய்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. அவர் மனைவியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் என் பழைய தோட்டத்தைத் தேடிப் போனேன். நான் படுத்த கொட்டில் இருந்த இடத்தில் வெள்ளைக்காரர் தங்கும் மாளிகையும் நீச்சல் குளமும் இருந்தன. குளத்தின் ஓரத்தில் ஒரு பெண் படுத்துப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தட்ட நான் படுத்த அதே இடம். எனக்கு அது ஏனோ சந்தோசமாக இருந்தது. வேலிக்கு அப்பால் இன்னும் தக்காளி நட்டிருந்தார்கள். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். முதலாளியின் மனைவி காலையில் துணியில் சுற்றிக் கொண்டுவரும் ரொட்டியும், மாலையில் முதுகு நிமிராமல் நாங்கள் பாடிய பாட்டுகளும் அந்த மணத்துக்குள் அப்படியே இருந்தன.

"அழுறியளே?" என்று மனைவி கேட்டாள்.

"தக்காளி இலை கண்ணிலை பட்டிட்டுது."

அன்று இரவு தவமணி அக்கா பஞ்சாங்கத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை நாள் நல்லம். ரோகிணி. ஒரு கோயில் வாசலை மிதிச்சுப்போட்டு இந்தக் கலியாணக் கதையை முடிப்பம். இஞ்சை எங்கடை கோயில் இல்லாட்டிலும் ஒரு மாதா கோயிலாவது காட்டுங்கோ."

மகளின் வாழ்க்கை என் கையில் வந்து நின்றது. முதலாளி குடும்பம் போகும் மலையடிவாரத் தேவாலயம் ஒன்று எனக்கு ஞாபகம் இருந்தது.

ஞாயிறு காலையில் பெண்கள் பட்டுச்சேலை, ஆண்கள் இஸ்திரி போட்ட சட்டை. போய் இறங்கியபோது பூசை முடிந்து சனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முற்றத்து மரநிழலில் நீண்ட மேசை. வெள்ளைத் துணி விரித்து, பெரிய தட்டில் சீனி தூவிய ஏதோ பலகாரம். அதன்மேல் வெள்ளி மணிகளால் எழுத்துகள். பக்கத்தில் மெழுகுதிரி, மீசை வைத்த ஒருவரின் படம், கோப்பி, ரொட்டி.

"அன்னதானம்" என்றேன். என் குரலில் இருந்த நிச்சயம் இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"அப்பா, எல்லாரும் கறுப்பு உடுத்திருக்கினம்" என்றாள் மதுரா.

"கிறீற்றிலை வயசானவை எப்பவும் கறுப்புத்தான் பிள்ளை. கலியாண வீட்டுக்கும் கறுப்புத்தான்."

"படத்திலை இருக்கிறவர் ஆர்?" என்றார் தவமணி அக்கா.

"உபயகாரர். இண்டைய திருவிழா அவரின்ரை செலவு."

எங்கள் கோயில்களில் உபயகாரர் படம் வைப்பதுதானே. தவமணி அக்கா அந்தப் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கறுப்பு உடுத்திய ஓர் அம்மா எங்களைக் கண்டு கண்கலங்கி, கிண்ணத்தில் அந்தப் பலகாரத்தைப் போட்டு நீட்டினார். அவித்த கோதுமை, மாதுளை முத்து, பாதாம், சீனி.

"அச்சாப் பிரசாதம்" என்றார் தவமணி அக்கா. இரண்டாம் வாய் போட்டுவிட்டு, என் மனைவியின் கையைப் பிடித்தார். "இதைவிட நல்ல சகுனம் வேணுமே? எனக்கு முழுச் சம்மதம். உங்கடை பிள்ளை இனி எங்கடை பிள்ளை."

மனைவி அழுதாள். பிரவீன் மதுராவைப் பார்த்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊருக்கு நான் ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. ஒஸ்லோக் கோயிலில் பந்தி என்றால் சாம்பார் வாளி என் கையில்தான் இருக்கும். (வாளியைத் தருவார்கள் என்று நான் நிற்பதில்லை. எடுப்பேன்.) அந்த அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு பரிமாறத் தொடங்கினேன். பண்டிகை நாளில் முதலாளி வீட்டில் சொல்லும் வாழ்த்து ஒன்று எனக்கு ஞாபகம் இருந்தது. "ஹ்ரோனியா போலா" என்பார்கள். பல்லாண்டு வாழ்க என்று அர்த்தம். ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி கோதுமையும் ஒரு பல்லாண்டும் கொடுத்துக்கொண்டு போனேன். படத்துக்கு முன்னால் வந்தபோது படத்துக்கும் ஒரு பல்லாண்டு சொன்னேன்.

முற்றம் அமைதியாகிவிட்டது. பக்தி என்று நினைத்தேன்.

ஒரு கிழவர் என் முழங்கையைப் பிடித்தார். ஒரு காலத்தில் ஜேர்மனியில் வேலை செய்தவராம். அவருடைய ஜேர்மனும் என்னுடைய ஜேர்மனும் ஒரே தரம். ஆகவே நன்றாக விளங்கியது.

"இது மனோலி" என்று படத்தைக் காட்டினார். "இறந்து ஒரு வருடம். இது அவனுக்கான கோதுமை. நீ தட்டை வாங்கினாயே, அவள் மனோலியின் மனைவி."

கிறீற் வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. நல்ல நாள் பார்த்து, பட்டு உடுத்தி, சம்பந்தம் பேச வந்த குடும்பத்தை நான் திவச வீட்டில் உட்காரவைத்திருக்கிறேன். அதுவும் யாரை? செத்த வீட்டுக்குப் போன ஆள் தன் வீட்டுப் படியில் நின்றாலே, படிக்குத் தண்ணீர் தெளிக்கிறவரை. அவருக்குத் தெரிந்தால் மதுராவின் கலியாணம் இந்த மரநிழலிலேயே முடிந்தது.

தட்டை அந்த அம்மாவிடம் கொடுத்து, தெரிந்த எல்லா மொழியிலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏதோ சொன்னார். "மனோலிக்கு வழிப்போக்கர்களைப் பிடிக்கும்" என்று கிழவர் மொழிபெயர்த்தார். பிறகு அந்த அம்மா தவமணி அக்காவிடம் போய், பை நிறையக் கோதுமை போட்டுக் கொடுத்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"பாருங்கோ, என்ன மரியாதையான சனம்" என்றார் தவமணி அக்கா. "ஒஸ்லோவிலை எல்லாருக்கும் குடுப்பம்."

"வெளிக்கிடுவம், வெயில் ஏறுது" என்றேன்.

தப்பியிருப்பேன். ஆனால் ஒரு கிழமையாக வாய் திறக்காத ராசரத்தினம் அண்ணை அப்போதுதான் திறந்தார். "படத்திலை இருக்கிறவரைக் காணேல்லை. உபயகாரருக்கு ஒரு நன்றி சொல்லிப்போட்டுப் போவம்."

"அவர் இல்லை அண்ணை."

"எங்கை போயிட்டார்?"

"போன வருசம் போயிட்டார்."

தவமணி அக்கா தன் கையிலிருந்த பையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை எல்லாவற்றையும் ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப இது திவசம்."

"ஆண்டுத் திவசம்தான் அக்கா" என்றேன், அது ஏதோ சலுகை போல.

ராசரத்தினம் அண்ணை மெதுவாக, "அந்நியரின்ரை சாவாலை எங்களுக்கு என்னப்பா துடக்கு, தீட்டு" என்று தொடங்கினார்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ, இல்லையோ?"

"சாப்பிட்டனான்."

"திவசச் சோறு சாப்பிட்டால் சொந்தம். ஒருத்தரும் வாகனத்திலை ஏறக்கூடாது. கடல் எங்கை?"

கடல் ஆயிரம் குடைகள் விரித்த கடற்கரையாகக் கீழே கிடந்தது. ஆறு பேரும் நடந்தே இறங்கினோம். பட்டுச்சேலையும் சப்பாத்துமாகப் படுக்கை நாற்காலிகளுக்கு நடுவே போய், உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கித் தலை முழுகினோம். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அது நல்லதற்கல்ல என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் முறை முழுகி எழும்பினால், முன்னால் இடுப்பளவு தண்ணீரில் ஒரு நோர்வேக்காரர். ஒஸ்லோவில், வெஸ்ட்லி நிறுத்தத்தில் தினமும் காலையில் என் பஸ்சில் ஏறுகிறவர். வணக்கம் சொல்லிவிட்டு, "ஞானஸ்நானமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

ஓம் என்றேன். திவசத்தை விளக்குகிற அளவுக்கு எனக்கு நோர்வேஜிய மொழி வராது. அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு நீந்திப் போனார்.

தவமணி அக்கா ஈரச் சேலையோடு கரைக்கு ஏறி, ஒரு பாறையில் அந்தக் கோதுமையில் ஒரு பிடி வைத்தார். திவசப் படையலை எறியக்கூடாது, காகத்துக்கு வைக்கவேண்டும். "கா, கா" என்று கூப்பிட்டார். குடைகளுக்குக் கீழே இருந்தவர்கள் எழும்பி உட்கார்ந்தார்கள். காகம் ஒன்றும் வரவில்லை. அவர் முகம் இருண்டது. மதுரா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் பனியில் சறுக்கும்போது பிடித்ததைப் போல.

பிறகு வெள்ளைக் கடற்பறவை ஒன்று இறங்கியது. பாறையில் அங்கும் இங்கும் நடந்து பார்த்தது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து. கடைசியில் முழுவதையும் துடைத்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பதுபோல அக்காவைப் பார்த்தது.

"வந்திட்டார்" என்றார் தவமணி அக்கா. மூச்சு விட்டார். "மனுசன் பசியோடைதான் இருந்திருக்கு."

தலையைப் பிழிந்து கொண்டையாக முடிந்தபடி மதுராவிடம் வந்தார். "பிள்ளை, முதல் சொன்னது துடக்கோடை சொன்னது, கணக்கில்லை. இப்ப முழுகிப்போட்டுச் சொல்லுறன். எனக்குச் சம்மதம்."

ராசரத்தினம் அண்ணை மனைவியைப் பார்க்காமலே "எனக்கும்" என்றார்.

கலியாணம் அடுத்த வருடம் ஒஸ்லோவில் நடந்தது. இப்போதும் நான் கோயிலில் வாளியைத் தூக்கினால், பிரவீன் பந்தியில் இருந்து சத்தமாகக் கேட்பான்: "மாமா, சாப்பிட்டிட்டு முழுகவேணுமோ?" என் பஸ்சில் ஏறும் அந்த நோர்வேக்காரர் இன்னும் என்னைக் கண்டால் தலை குனிந்து மரியாதை செய்கிறார்.

ஒவ்வொரு ஒக்டோபரும் தவமணி அக்கா எங்கள் இரண்டு குடும்பத்தையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவார், மோட்ச அர்ச்சனைக்கு. சொந்தம் என்று சொல்லியாயிற்று, விடமாட்டார். முதல் தடவை ஐயர் பெயர் கேட்டார்.

"மனோலி" என்றார் அக்கா.

ஐயர் பெயரை இன்னொருதரம் கேட்டு எழுதிக்கொண்டார். "நட்சத்திரம்?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "உங்கடை ஊர் ஆள்தானே. சொல்லுங்கோ."

கிறீற்றைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒப்புக்கொண்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சம்மதம் சொன்ன அந்த நாளின் நட்சத்திரத்தையே ஐயரிடம் கொடுத்தார். அன்றிலிருந்து மனோலி எங்கள் கோயிலில் ரோகிணி நட்சத்திரக்காரர். அவருடைய மனைவிக்கு இது இன்னும் தெரியாது.