மாப்பிள்ளை கொண்டுபோன தங்க ரெக்கார்டு

எதையாவது சேர்க்கும் பித்துப் பிடித்தவனுக்குத் தாராளமாகப் பெண் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் அவன் வீட்டைப் போய்ப் பார்க்கக் கூடாது. என் மாமனார் பார்த்துவிட்டார்.

எண்பதுகளில் நான் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். சேர்த்தது விருதுகள். (எனக்குக் கிடைத்தவை அல்ல. என்னை யார் கூப்பிட்டு விருது கொடுப்பார்கள்?) ஒரு பாட்டு ஏராளமாக விற்றால், ரெக்கார்டு கம்பெனி தங்க நிற இசைத்தட்டு ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, பாட்டின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, பாடியவருக்கும் விற்றவருக்கும் கொடுக்கும். அவர்கள் வீடு மாறும்போது அது பழைய சாமான் கடைக்கு வரும். அங்கிருந்து என் சுவருக்கு. மண்ணூர்பேட்டையில் என் ஒற்றை அறையில் காலண்டர் மாட்டக்கூட இடம் இருக்காது.

ஆவடி குவார்ட்டர்ஸில் கலாவைப் பெண் பார்த்ததும் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் அப்பாவுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. ராணுவத் தொழிற்சாலைக்காரர். எதைப் பார்த்தாலும் இதனால் என்ன உபயோகம் என்று கேட்கிறவர். என் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"பாடாத ரெக்கார்டை வாங்கி ஆணியில மாட்டுறீங்களா தம்பி?"

"பாடும் சார். அசல் ரெக்கார்டு" என்றேன். (போட்டுப் பார்த்ததே இல்லை. சட்டத்தைத் திறந்தால் மதிப்பு போய்விடும் என்ற மேதாவித்தனம்.)

கலாவின் பிடிவாதத்தால் நிச்சயதார்த்தம்வரை வந்துவிட்டது. அன்றைக்காவது மனிதரை வளைத்துவிட வேண்டும் என்று, அவருக்குப் பிடித்த காதல் பாட்டின் தங்கத்தட்டைச் சீர்வரிசையோடு எடுத்துப் போனேன். வெற்றிலை பாக்கு, பழம், புடவை, பின்னால் இது. பித்தளைத் தகட்டைப் படித்ததும் அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"பாடும்னு சொன்னீங்களே, போடுங்க கேப்போம்."

வாசலில் மைக்செட் கட்டியிருந்தவர் தயங்கினார். "வாணாம் அண்ணாத்தே. கலரு அடிச்ச பிளேட்டு. முள்ளு பூடும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போடுங்க" என்றேன், மாப்பிள்ளை முறுக்கில். சட்டத்தைக் கழற்றிக் கொடுத்ததும் நானேதான்.

குழாய் ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரத்தது. பிறகு தெரு முழுக்க ஒரு பெண் கதறினாள். "என்னப் பெத்த அப்பா, எங்கள உட்டுட்டுப் போயிட்டீங்களே..." ஏதோ நாடகத்து ஒப்பாரி. மாரடிக்கும் சத்தம் வேறு.

மைக்செட்காரர் முள்ளைத் தூக்குவதற்குள் பெற்ற அப்பாவுக்கு எல்லா மரியாதையும் நடந்துவிட்டது. "கம்பெனிக்காரன் கைக்கு ஆப்ட்ட பிளேட்டுக்குத் தங்கக் கலரு பூசி மாட்டிகீறான். இத்த ஒர்த்தன் போட்டுக் கேப்பான்னு அவன் கனா கண்டானா?" என்றார்.

உள்ளே அபசகுனம் என்று முணுமுணுத்தார்கள். கலாவின் பெரியப்பா, தாம்பூலம் மாற்ற வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். கலா எனக்கு இல்லை என்று நினைத்ததும் நிஜமாகவே அழுகை முட்டியது.

அப்போது பின்வரிசை வீட்டுக்காரர் சட்டைகூடப் போடாமல் ஓடிவந்தார். வாசலில் நின்ற என் மாமனாரிடமே, "சார், யாரு தவறிட்டாங்க?" என்றார்.

மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான்தான்யா. மாப்பிள்ளை சீரோட வந்திருக்காரு, உள்ள வாங்க."

அறைக்குள்ளிருந்து கலா சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. அதைக் கேட்டு அவள் அப்பாவும் சிரித்துவிட்டார். பெரியப்பாவால் அதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தாம்பூலம் மாற்றினோம்.

அந்தத் தங்கத்தட்டு இன்றும் மாமனார் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. லேசாகக் காய்ச்சல் என்றாலும் பதறிக்கொண்டு போய் நிற்போம். கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். பிறகு மகளிடம் சொல்வார்:

"வெறும் சளிதாம்மா. தட்டை இப்பவே கழட்ட வேணாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு."